செம்பு விலை இறங்கட்டும்

எங்கள் வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள். குடியிருப்பது நான் ஒருத்திதான். மற்றவர்கள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, பொங்கலுக்கு வந்து தூணைத் தட்டிப் பார்த்து, "அடடா, என்ன மரம்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பொங்கலில், என் கொழுந்தனார் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஓட்டு விளிம்பைச் சுற்றிலும் செம்புத் தூம்பு. கூரையில் விழும் மழைத் தண்ணீரை ஏந்தி மூலைக் குழாய்க்கு அனுப்புவது. அங்கங்கே ஓட்டை. மாற்றத்தான் வேண்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் அவர் போனை எடுத்து எதையோ பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆச்சி, செம்பு இன்னைக்கு உச்சத்துல நிக்கிது. பழசை இப்பவே கழட்டி வித்துருவோம். வெலை எறங்கினதும் புதுசு வாங்கி மாட்டுவோம். ரெண்டு பக்கமும் லாபம்."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பொய் சொல்வானேன், நானும் ஆட்டினேன். தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த கூட்டம். லாபம் என்றால் எங்களுக்குக் கழுத்து தானாக ஆடும். சொந்தக் கூரையை வைத்து வேறு எவனாவது சூதாடுவானா? நாங்கள் ஆடினோம். அந்த வாரமே பழைய தூம்பைக் கழற்றி விற்று, காசைப் பங்காளிகளின் பொதுக் கணக்கில் போட்டாயிற்று.

அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை விலை லேசாக இறங்கியது. "இன்னும் எறங்கும், பொறுங்க" என்றார்கள். அது ஏறிவிட்டது. ஏறியது ஏறியதுதான். காரைக்குடியிலிருந்து தகர வேலைக்காரர் டேப்பைத் தூக்கிக்கொண்டு நாலைந்து முறை வந்தார். ஒவ்வொரு முறையும், "இந்த ரேட்டு நாலு நாளைக்குத்தான் ஆச்சி. அதுக்கு மேல கடையில என்ன சொல்றாகளோ அதான்" என்பார். எங்கள் வாட்ஸப் குழுவில் பதினோரு பங்காளிகளும் ஒத்துவர பதினைந்து நாளாகும். ஒருவர் வெளிநாட்டுச் சண்டை நின்றால் இறங்கும் என்பார். இன்னொருவர் சீனாவைப் பார்க்கச் சொல்வார். அதற்குள் புது விலை வந்துவிடும். சரி, அலுமினியமாவது போடுவோம் என்றேன். பர்மாத் தேக்குக்கு மேலே அலுமினியமா என்று பொங்கிவிட்டார்கள். நனைகிறது நான்தானே, அவர்களுக்கென்ன!

மூன்று மழைக்காலம் தூம்பு இல்லை. இரண்டு பக்கக் கூரைத் தண்ணீரும் சேர்ந்து கொட்டுவது என் அறை மூலையில். வெள்ளைக்காரர்கள் வந்து தடவிப் பார்த்து வியந்த வழவழப்பான சுவர், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊறி உதிர ஆரம்பித்தது. வீடியோ காலில் அதைப் பார்த்த என் மகன் பிடித்துக்கொண்டான்.

"ஆத்தா, அந்தச் சுவரு ஒரு நாள் உங்க மேல விழுந்துரும். தீபாவளி கழிச்சு வாரேன். ஈரம் இப்புடியே இருந்தா, சாமானைக் கட்டிக்கிட்டு எங்கூடக் கெளம்பிருங்க."

அவன் வீடு சென்னையில் பன்னிரண்டாவது மாடி. ஒரு முறை போய்ப் பத்து நாள் இருந்தேன். என்னிடம் அதிகம் பேசியது அந்த லிஃப்ட்தான். அங்கே போனால் நான் செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

மாடி அறையில் என் கல்யாணச் சீர் இருந்தது. என் ஆத்தா கொடுத்த செம்பு அண்டா, குடம், தவலை, எல்லாவற்றிலும் என் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். ஒன்றையும் அடுப்பில் ஏற்றியதில்லை. வருடத்துக்கு ஒரு தரம் புளி போட்டுத் துலக்கி மறுபடி அடுக்குவதோடு சரி. ஆவணியில் பழைய பாத்திரக் கடைக்காரரை வரச்சொன்னேன். "நல்ல நேரத்துல கூப்பிட்டீக ஆச்சி, செம்பு இந்த வெலை போனதே இல்ல" என்று எடை போட்டார். மூட்டையில் அடங்கவில்லை என்று, என் கண்ணெதிரிலேயே அண்டாவைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கினார். பெற்ற வயிற்றில் அடித்த மாதிரி இருந்தது.

அந்தக் காசுக்குப் புதுச் செம்பு இரண்டு பக்கத்துக்குக்கூட வராதாம். அலுமினியம் என்றால் நாலு பக்கமும் வரும் என்றார் தகர வேலைக்காரர். அன்றைக்கே தகடு வாங்க வைத்தேன். மாட்டி முடித்த பிறகுதான் குழுவில் படம் போட்டேன். கேட்காமல் செய்தது தப்பு என்று ஆளாளுக்கு எழுதினார்கள். கொழுந்தனார் மட்டும், "அண்டாவை என்ன ரேட்டுக்கு வித்தீக? ஒரு மாசம் பொறுத்திருக்கலாமே" என்று கேட்டார். வாயில் வந்த வார்த்தையை, என் மகனும் குழுவில் இருக்கிறான் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து, மகன் காலிப் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினான். அன்று மத்தியானமே மழை பிடித்தது. தண்ணீர் தூம்பு வழியாக ஓடி மூலைக் குழாயில் இறங்கியது. அவன் என் அறைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"காஞ்சுதான் இருக்கு" என்றான். காலிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "அப்ப வரமாட்டீக?" என்று கேட்டான்.

"வரலப்பா."

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் வாடிப்போயிற்று. சுவருக்காக மட்டும் அவன் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அந்தக் காலிப் பெட்டி நிறையச் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வைத்துக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். நான் நினைத்தது நடந்துவிட்டது. அதைச் சொல்லிச் சிரிக்க அத்தனை பெரிய வீட்டில் ஓர் ஆள் இல்லை. நடு முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன்.