ரியூலிப்புக்குக் கவிழ்த்த சட்டிகள்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறைக்குள் ஐந்து பேரோடு படுத்தெழும்பி, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு பேக்கரியில் மாவோடு மல்லுக்கட்டி, ஸ்காபரோவில் சொந்த வீடு வாங்கினவன். அப்போது படித்த ஆட்கள் பலர் வாடகைக்குத்தான் இருந்தார்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்லுவேன். சொல்லாமல் எப்படித் தெரியும்?

அந்த வீட்டு முன்பக்கத்தில், சமையலறை யன்னலுக்குக் கீழே என் மனைவி சிவப்பு ரியூலிப் பூக்கிழங்குகளை நட்டாள். இலை கொட்டும் காலம். அவளுடைய வயிற்று வருத்தத்துக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

"சிவப்பைப் பாத்திட்டுத்தான் போவன்" என்றாள்.

கிழங்கு வெங்காயம் மாதிரித்தான் இருந்தது. "வெங்காயம் நட்டவனுக்கு உது ஒரு வேலையோ? நான் பூக்கப் பண்ணிக் காட்டுறன், நீர் பாரும்" என்றேன். அணில் தோண்டாமல் இருக்க மண்ணுக்கு மேலே மிளகாய்த்தூள் தூவினேன். அணில் வரவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிதான் வேலிக்கு அங்கால் நின்று தும்மினாள்.

பனி கரைந்ததும் முளை வந்தது. அவளும் மெலிந்து மெலிந்து அதுவரைக்கும் வந்துவிட்டாள். பச்சை மொட்டு வைத்த நேரம் பார்த்து, போன குளிர் திரும்பி வந்தது. ஊரில் புகையிலைக் கன்று நட்டால் வெயில் படாமல் ஓலையால் மூடுவோம். இங்கே ஓலைக்கு எங்கே போக? சோற்றுப்பானை, புட்டுப்பானை, கறிச்சட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய், பொழுதுபட மொட்டுகளுக்கு மேலே கவிழ்த்தேன்.

"இஞ்சருங்கோ, எல்லாச் சட்டியையும் வெளியில கவிட்டா நான் எதில சோறு காய்ச்சிறது?"

"பாண் சாப்பிடுவம். பேக்கரிக்காரன்ரை பெஞ்சாதிக்குப் பாண் பஞ்சமோ?"

"பாணைத் திண்டு திண்டு உங்கடை வாய்தான் பொங்கிக்கொண்டு வருது."

நான் விடியமுன்னம் வேலைக்குப் போய்விடுவேன். அதனால் சட்டிகளை எடுத்துவிடுவது அவள் வேலை. என்னுடைய குளிர்க் கோட்டைப் போர்த்துக்கொண்டு வந்து, மொட்டு முறியாமல் ஒவ்வொன்றாகத் தூக்குவாள். நான் மத்தியானம் திரும்பும்போது எல்லாம் கழுவித் துடைத்து அடுப்படியில் அடுக்கியிருக்கும்.

ஒருநாள் காரைத் திருப்பும்போதே கண்டுவிட்டேன். சட்டிகள் கவிழ்ந்தபடியே இருந்தன.

உள்ளே சோபாவில் கண் விழித்துப் படுத்திருந்தாள்.

"எழும்ப ஏலாமல் போச்சு" என்றாள்.

நான் அம்புலன்சுக்கு அடிக்க ஃபோனைத் தூக்கினேன்.

"முதல்ல சட்டியை எடுங்கோப்பா. வெளிச்சம் படவேணுமெல்லே."

ஓடிப்போய் எடுத்தேன். பிறகுதான் ஃபோன் அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் போகும் நேரமெல்லாம் ஒரே கேள்விதான். "விரிஞ்சிட்டுதோ?"

"நாளைக்கு விரியும்" என்பேன். மொட்டின் ஓரத்தில் சிவப்பு ஒரு கோடு மாதிரித் தெரிந்தது, அவ்வளவுதான். நினைத்ததை முடிக்கிறவன் என்று பெயர் எடுத்த நான், முன்வாசலில் குந்தியிருந்து ஒரு பூவைப் பார்த்து "விரிஞ்சுவிடன், விரிஞ்சுவிடன்" என்று கெஞ்சினேன். அது விரியவில்லை. அவள் போய்விட்டாள்.

புருஷன் இருக்கப் போனவள் என்று பெண்கள் அவளுக்குக் கூறைச்சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். நான் மொட்டுகளை எல்லாம் வெட்டிக்கொண்டு, அவளைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலைக்குப் போய், அவள் கைப்பக்கத்தில் வைத்தேன். தேவாரம் தொடங்கும்போது மூடித்தான் கிடந்தன. மண்டபத்துச் சூடு பட்டதோ என்னவோ, சனம் வாய்க்கரிசி போட வரிசையாக வந்த நேரம் ஒவ்வொன்றாய் வாய் திறந்தன. கூறையைவிடச் சிவப்பு.

வரிசையில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சிவப்பு! எங்கையண்ணை வாங்கினனீங்கள்?" என்று கேட்டார்.

கடையில் வாங்கவில்லை, மிளகாய்த்தூள் தூவி, சட்டி கவிழ்த்து நான் காப்பாற்றின பூ என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா?

"அவ நட்டது" என்றேன்.