நிறையை மறைத்துக் கட்டிய சில்லு

பிள்ளைகளே, நான் பருமனான ஆள். என் சைக்கிளின் பின் சில்லில் கம்பிகள் அடிக்கடி அறுந்ததால், கல்முனையில் சைக்கிள் திருத்தும் ஒருவரிடம் புதுச் சில்லு கட்டக் கொடுத்தேன்.

"உங்கட நிறை எவ்வளவு காக்கா?" என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். வெட்கத்தில், "எழுபது கிலோ வரும் தம்பி" என்றேன்.

"மெய்யாவா?"

"ஓம், ஓம்."

அவரும் நம்பி, அதற்கேற்ற மெல்லிய கம்பிகளைப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகையில், படபடவென்று கம்பிகள் அறுந்து சில்லு நெளிந்து, சட்டத்தில் சிக்கிச் சுழலாமல் இறுகிவிட்டது. இருவரும் றோட்டோர மணலில் விழுந்தோம். மறுகணம் எங்களை உரசுவதுபோல ஒரு பஸ் போனது. மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான், அல்ஹம்துலில்லாஹ்.

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். நான் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள்.

"மாமா, வாப்பாவ மில்லில நெல்லு நிறுக்கிற தராசில நிறுத்தாங்க. தொண்ணூத்தாறு!"

அவர் சிரித்துவிட்டார். "மிச்சம் இருபத்தாறையும் அண்டைக்கு எங்க வெச்சிட்டு வந்தீங்க காக்கா?"

பிறகு கனமான இரும்பு ரிம் எடுத்து, நாற்பது தடித்த கம்பிகள் கோத்தார். ஒவ்வொன்றையும் இறுக்கி, விரலால் சுண்டி, காது கொடுத்துக் கேட்டார். எல்லாம் ஒரே சத்தம் தரும்வரை விடவில்லை. என்ன பொறுமை, என்ன கை! நாலு வருடமாகியும் அந்தச் சில்லு நூலளவும் கோணவில்லை.

இப்போது கடையில் எத்தனை பேர் நின்றாலும், கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: "நான் தொண்ணூத்தெட்டு, மகள் முப்பது, புத்தகப் பை வேற."