மண்டோராக மறுத்த ஐந்தாம் வகுப்பு

1986-இல் ஒரு வியாழக்கிழமை நான் பள்ளிக்கு மட்டம் போட்டேன். ஆசிரியை மட்டம் போடலாமா என்று கேட்காதீர்கள், அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை! லண்டனில் படித்த தம்பி ஒரு பகடை விளையாட்டைக் கொண்டுவந்திருந்தான். ஆளுக்கொரு வேடம், பகடை உருட்டிப் புள்ளி சேர்த்தால் பதவி உயரும். மலேசியாவில், கிள்ளானில் என் வகுப்பில் அதை ஆடவிட்டு, இரண்டாம் வாய்ப்பாட்டுக்கே திணறியவர்களைப் பன்னிரண்டு வரை சொல்ல வைத்திருந்தேன். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் வேலை பார்த்த என் தோழி சரஸ்வதி அதைக் கேள்விப்பட்டு, "உடனே வா லா" என்று எழுதிவிட்டாள்.

காரணம் அஞ்சலை. நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை, ஆனால் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். படிப்பு ஏறவில்லை என்று முடிவுகட்டிய அவள் அப்பா, அந்த வியாழன் மதியம் வந்து அவளைப் பள்ளியை விட்டு நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்.

கிள்ளானில் காலை 6.10 பஸ், கட்டணம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்), 45 கிலோமீட்டர். 7.25-க்குக் கோலா சிலாங்கூர். அங்கிருந்து தோட்டத்து வாசலுக்கு 11 கிலோமீட்டர், டாக்சிக்கு ஐந்து வெள்ளி. "உள்ள வரமாட்டேன் டீச்சர், செம்மண் ரோடு, மழ பேஞ்சிருக்கு" என்று டிரைவர் இறக்கிவிட்டார். மீதி ஒன்றரைக் கிலோமீட்டரும் செருப்பு காலில் இல்லை, கையில்தான்.

சரஸ்வதியின் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் விளையாட்டுக்காக ஒரு காடு வரைந்தேன். ஒரு பத்தி சத்தமாக வாசித்தால் ஒரு உருட்டு. ஐம்பது புள்ளிக்குத் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், நூறுக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நான் யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பெண். தோட்டத்தில் அதைவிடப் பெரிய ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடேயப்பா, என்ன கூச்சல்! பெஞ்சு மேல் ஏறி வாசித்தார்கள். ஆனால் நாற்பதைத் தாண்டியதும் ஒருவரும் பகடையைத் தொடவில்லை. "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மண்டோரு எங்கம்மாவ தெனமும் பெரட்டுல வச்சுத் திட்டுவாரு, டீச்சர். நாங்க மண்டோரா ஆவ மாட்டோம்."

அஞ்சலை! விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டைப் பற்றி அவள் பேசப் பேச, சரஸ்வதி என் கையைக் கிள்ளினாள். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு பதவிகளையும் அழித்தேன். "நீங்களே சொல்லுங்க, என்னவா ஆவணும்?"

லோரி டிரைவர், பஸ் கண்டக்டர், பந்து ஆட்டக்காரர்! அஞ்சலை, "டிரசர்" என்றாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அதற்கு நூறு புள்ளி என்று பலகையில் எழுதினேன்.

"டிரசருன்னா சீட்டைச் சத்தமா வாசிக்கணுமே" என்றேன். எழுந்து ஒரு பத்தியை முழுசாக வாசித்தாள். பகடையில் ஆறு!

12.40-க்கு அவள் அப்பா இருமிக்கொண்டே வந்தார். சட்டைப் பையில் மருந்துப் புட்டி. "டிரசரம்மாகிட்ட காட்டுங்க மாமா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அஞ்சலை புட்டியை வாங்கி, ஒட்டியிருந்த மலாய்ச் சீட்டை உரக்க வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "ஒரு நாளைக்கு ரெண்டு வேளதான்ப்பா. சாப்பிட்டப்பறம்."

"ஐயையோ! இருமுனப்பல்லாம் குடிச்சேனே!"

வகுப்பே சிரித்தது, அவரும்தான். புட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் புள்ள இங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். நானும் சரஸ்வதியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

நான் சொன்ன நேரத்தையும் கட்டணத்தையும் நம்பி இப்போது யாரும் கிளம்பிவிடாதீர்கள். மழை பெய்திருந்தால் ரப்பர் செருப்பே நல்லது. இந்த விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்களே, பகடையும் சாக்கட்டியும் போதும். பதவிகளைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

அவசரத்தில் பகடையை அங்கேயே விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினேன். அஞ்சலையின் கையெழுத்தில் பதில் வந்தது: "எனக்கு இன்னும் நூறு வரவில்லை டீச்சர். வந்ததும் தருகிறேன்."