கோயிலில் உருண்டவனுக்கு எடுத்த படம்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. என் ஹார்டுவேர் கடையில் ஒரு ஆள் குழாயை எடுத்துப் பார்த்து, வைத்து, மறுபடி எடுத்தால், “வாங்குதீயளா, கண்காட்சி பாக்கியளா?” என்று கேட்டுவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் மதுரை டாக்டர், “இது ரத்தப் புற்றுநோயோட ஆரம்பம். முத்தவும் செய்யலாம், வருஷக்கணக்கா சும்மா கிடக்கவும் செய்யலாம்” என்றார். எது என்று கணிக்க உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டும். எலும்புக்குள் புள்ளிகள் தெரிந்தால் நோய் கிளம்பப் போகிறது, உடனே சிகிச்சை. தெரியாவிட்டால் மருந்தில்லாமல் கவனித்து வந்தால் போதும்.

சங்கரன்கோவிலில் ஈ காக்கைக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை. சென்னையில் இருக்கும் மகளுக்கும் சொல்லவில்லை. என் மனைவி அம்மனிடம் மட்டும் சொல்லிவிட்டாள். அதோடு விடாமல், ஸ்கேனுக்கு முதல் நாள் நான் அங்கப்பிரதட்சணம் செய்வதாக நேர்ந்தும் விட்டாள்.

“நேந்தது நீ. நீயே உருள வேண்டியதான?”

“நோய் ஒங்களுக்குத்தான? உருளுங்க.”

இதற்கு மேல் பேசி என்ன ஆகப் போகிறது? ஈர வேட்டியோடு பிராகாரத்தில் படுத்து உருண்டேன். முதல் திருப்பத்திலேயே தலை கிறுகிறுத்தது. பாதியில் அழுகை வந்துவிட்டது. பயம்தான். கல்தரையில் உருளுகிற ஆள் அழுதால் யாருக்குத் தெரியும்? நன்றாக அழுதேன்.

மறுநாள் ஸ்கேன் சென்டரில் ஊசி போடும் பெண், “நேத்து உடற்பயிற்சி, கனமான வேலை ஏதாவது செஞ்சீங்களா?” என்று கேட்டாள்.

“கல்லாவுல உக்காந்திருக்கவனுக்கு என்னம்மா உடற்பயிற்சி?” என்றேன். உருண்டதை வேலை என்று நான் நினைக்கவே இல்லை. அது நேர்த்திக்கடன்.

ஊசியில் போவது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. உடம்பில் எங்கே அதற்குத் தேவை அதிகமோ அங்கே போய்ச் சேர்ந்து படத்தில் ஒளிரும். என் படத்தைப் பார்த்து டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். தோள், முதுகு, தொடை எல்லாம் சீரியல் செட் போட்ட மாதிரி எரிந்துகொண்டிருந்தன. கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

“இது எலும்பு இல்லையே, தசையாச்சே” என்று இழுத்தார் அவர். “நேத்து என்னதான் பண்ணீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் மனைவி போட்டு உடைத்தாள். “இவுக கோயில்ல உருண்டாவ டாக்டர்!”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். உழைத்த தசையெல்லாம் மருந்தை இழுத்துக்கொண்டதால் எலும்பைச் சரியாகப் பார்க்க முடியவில்லையாம். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். “அதுவரைக்கும் சாமிய நின்னபடியே கும்பிடுங்க.”

அந்த வாரம் முழுக்க மனைவி என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. நானும் கடையில் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. வந்தவர்களுக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது.

இரண்டாவது படத்தை டாக்டர் மண்டையிலிருந்து கால் வரை மெல்ல நகர்த்திக் காட்டினார். எலும்பில் எங்கும் ஒளியில்லை.

“எலும்புல ஒண்ணுமே இல்ல. சீக்கிரம் முத்தும்னு தோணல. இப்ப மருந்து வேண்டாம். அப்பப்ப வந்து டெஸ்ட்டுக்கு ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போங்க.”

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அதுவரை கல்லாக இருந்த மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் மகளைப் போனில் கூப்பிட்டேன். “அப்பாக்கு ஒரு நோய் இருக்கு மக்கா” என்றேன். “பயந்து செத்துட்டேன். ஆனா எலும்புல ஒரு புள்ளி இல்ல. கேக்கியா? ஒரு புள்ளி இல்ல!”

சத்தத்தை அடக்கச் சொல்ல ஓடி வந்த ஊசி போடும் பெண், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.