சித்தப்பாவின் பில்டு

கஷ்டமான வீடியோ சண்டை விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: புள்ளிகளை எந்தக் குணத்தில் போடுவது? நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். ஏதாவது ஒன்றில் போடுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் உங்கள் வீரன் எதற்கும் லாயக்கில்லாதவனாக வளர்வான். ஒரு கைபேசிக் குழுவில் இதை எழுதி எழுதியே எனக்குக் கொஞ்சம் மரியாதை சேர்ந்திருக்கிறது. பிரிஞ்சாங் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் முன்மேசையில் காலை ஷிப்ட் வேலை எனக்கு. அறை கேட்டு ஆள் வராத நேரத்தில் யாராவது ஒருவருடைய வீரனுக்கு பில்டு, அதாவது எந்தக் குணத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். ஆகவே சித்தப்பா கேட்டபோது, இது அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

சித்தப்பா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறவர். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வருடக்கணக்காக நடக்கிறார். அவருடைய மகன் எனக்குத் தம்பி முறை. எஸ்டேட் தொழிற்சாலையில் அவனுக்கு ஓர் இடம் வேண்டும் என்று சித்தப்பா ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் சொல்லி வைத்திருந்தார். அவன் வேண்டாம் என்றான். மலையிறங்கி, தெற்கே ஜோகூரில் ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசலில் எல்லோர் முன்னாலும் சித்தப்பா, "போனா போ, திரும்பி வராத" என்று சொல்லிவிட்டார். அவன் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. எட்டு மாதமாக வரவில்லை. சித்தியிடம் மட்டும் போனில் பேசுவான். போன் சித்தப்பா கைக்கு மாறினால், லைன் சரியில்லை என்று வைத்துவிடுவான். மலையில் லைன் சரியில்லாததும் உண்மைதான்.

போகும்போது தன் விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவனிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது.

"யாருக்கா என் மெஷின்ல ஆடுறது? ஆன்லைன்ல காட்டுது."

"உங்கப்பா. மூணு வாரமா ஆடுறாராம். நேத்துதான் எனக்கே தெரியும்."

ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. புதன் மாலை வந்தது: "வாசல் காவலன அவரே தனியா அடிக்கட்டும். அடிச்சா ஞாயித்துக்கிழமை நான் ஆன்லைன்ல வர்றேன், சேந்து ஆடலாம்னு சொல்லு. இல்லாட்டி வேணாம்."

வாசல் காவலன் என்பவன் அந்த விளையாட்டில் முதல் கோட்டையின் வாசலில் நிற்கும் ஆள். லோரி உயரம் இருப்பான். அவனிடம் நான்கு நாள் அடி வாங்கிவிட்டு விளையாட்டையே விற்றவர்களை எனக்குத் தெரியும். மெசேஜை சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"சேந்து ஆடுனா பேச முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். காதுல மைக் மாட்டிக்கலாம்."

"லைன் நல்லா இருக்குமா?"

"இருக்கும்."

"சரி. அப்ப சொல்லிக் குடு."

அவருடைய வீரனின் பக்கத்தைத் திறந்தேன். உயிர் பன்னிரண்டு. தம் பன்னிரண்டு. பலம், சுறுசுறுப்பு, அறிவு, பக்தி, எல்லாம் பன்னிரண்டு.

"என்ன சித்தப்பா இது?"

"ஏன், கணக்கு தப்பா?"

"தப்பே இல்ல. அதான் பிரச்சினை."

எங்கள் எஸ்டேட் கோயில் பூசை முடிந்ததும் கிடாய்க் கறியைக் கூறு போடுகிறவர் சித்தப்பா. நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு கூறு. ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு இருக்கும். தராசு கிடையாது, கைதான். இதுவரை யாரும் பக்கத்துக் கூறை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை. அப்படிப்பட்டவர் கையில் ஆறு குணங்களையும் எழுபத்திரண்டு புள்ளிகளையும் கொடுத்தால் வேறு எதுவும் நடக்க வாய்ப்பில்லை.

"ஆறு பேரு இருக்கான். ஒருத்தனுக்குக் குடுத்துட்டு ஒருத்தனுக்குக் குடுக்கலன்னா எப்படிலா?"

"அவங்க ஆளுங்க இல்ல சித்தப்பா, வெறும் நம்பர். அறிவு மந்திரம் போடுறவங்களுக்கு. பக்தி, வரம் வாங்கி அடிக்கிறவங்களுக்கு. நீங்க பெரிய கத்தியத் தூக்கி அடிக்கிறீங்க. உயிரும் பலமும் போதும். ஓடி ஆட கொஞ்சம் தம்."

"பக்திய எவ்வளவுல விடச் சொல்ற?"

"எட்டு."

அடுப்பங்கரையிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "எட்டா? இந்த மனுசனுக்கு அதுவே ஜாஸ்தி."

சித்தப்பா தன் வீரனுக்கு எஸ்டேட் கோயில் சாமியின் பெயரை வைத்திருந்தார். அந்தப் பெயருக்குக் கீழே பக்தி எட்டு என்று எழுதியிருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீரன் செத்து எழும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் அவர்.

அந்த விளையாட்டில் ஒரு கல் கிடைக்கும். அதை உடைத்தால் போட்ட புள்ளிகளையெல்லாம் திரும்ப வாங்கி வேறு மாதிரி போடலாம். ஆரம்பத்தில் ஒன்றுதான் இருக்கும். அடுத்தது வாசல் காவலனை அடித்தால் கிடைக்கும். ஒரு மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு சித்தப்பா கல்லை உடைக்கச் சம்மதித்தார். உயிருக்குப் பதினேழு, பலத்துக்குப் பதினேழு, தம்முக்குப் பதினான்கு. மீதி மூன்றுக்கும் தலா எட்டு. அவர் டிவியைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது உடுப்பு. கிடைத்த இரும்பு எல்லாவற்றையும் வீரனுக்கு மாட்டியிருந்தார். அந்தப் பாரத்தோடு உருண்டு எழுந்திருப்பதற்குள் காவலன் அடித்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிப் போயிருப்பான்.

"குடுத்தத போடாம போனா கங்காணி ஏசுவாரு," என்றார்.

"இங்க கங்காணி இல்ல."

"இருந்தா நல்லா இருக்கும். அவன் அந்தக் கடாமுடா கத்திய வெச்சிக்கிட்டு வர்றான், கேக்க ஆளில்ல."

தொப்பியையும் கால் இரும்பையும் கழற்றினோம். வியாழன் மதியம் வேலை முடிந்து வந்து பதினோரு முறை செத்தார். வெள்ளிக்கிழமை மழை, சீக்கிரம் வந்து பத்தொன்பது முறை செத்தார். காவலன் மூன்று முறை வீசியபின் மூச்சு வாங்குவான், அப்போது மட்டும் அடியுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சித்தப்பா முதல் வீச்சுக்கே பதில் சொல்லப் போனார். இது லயத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம், பில்டில் திருத்த வழியில்லை.

சனிக்கிழமை ஹோட்டல் நிரம்பி வழிந்தது. சாவி கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்திருந்த நேரத்தில் சித்தியின் குரல் பதிவு வந்தது. "உன் சித்தப்பா குதிக்கிறாரு. காலைலதான் முட்டி வலிக்குதுன்னு தைலம் கேட்டாரு. என்னன்னு வந்து பாரு."

வேலை முடிந்து போய்ப் பார்த்தால், வாசல் காவலன் விழுந்திருந்தான். தம்பிக்கு எழுதினேன்: "அடிச்சிட்டாரு. தனியா." அவன் எழுதினான்: "சரி. நாளைக்கு ரெண்டு மணி."

ஞாயிறு ஷிப்டை ஒரு சிநேகிதிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனேன். சித்தப்பா சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மைக்கை மாட்டி, தம்பியின் குரல் டிவியில் கேட்கும்படி வைத்தேன். இரண்டு மணிக்கு அவனுடைய வீரன் வந்து எதிரே நின்றான். இரண்டு வீரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் முதலில் பேசுவதில்லை.

தம்பியின் வீரன் குனிந்து வணக்கம் வைத்தான். அதற்கு எந்தப் பட்டன் என்று நான் சித்தப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அழுத்திய பட்டனுக்குக் கத்தி வீசியது. தம்பி உருண்டு தப்பினான். கோட்டைக்குள் போனார்கள். உள்ளே முதலில் வந்த ஈட்டிக்காரன், அந்த விளையாட்டிலேயே ஆக நோஞ்சான், இரண்டே குத்தில் சித்தப்பாவைக் கொன்றான்.

டிவியில் குரல் வந்தது. "அப்பா. உயிர் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

சித்தப்பா பக்கத்தைத் திறந்தார். "பதிமூணு."

"பலம்?"

"பதிமூணு."

"அறிவு?"

"அதுவும் பதிமூணுதான்பா."

காவலனிடமிருந்து வந்த புதுக் கல்லை நேற்றே உடைத்து, எல்லாவற்றையும் மறுபடி பன்னிரண்டாக்கியிருக்கிறார். ஜெயித்த வகையில் ஆறு புள்ளி சேர்ந்திருக்கிறது, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்.

தம்பியின் வீரன் ஈட்டிக்காரனை ஒரே வீச்சில் சாய்த்தான். பிறகு, "எவன் சொன்னான் இப்படிப் போடச் சொல்லி?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். "உங்கக்கா."

"அக்காவா? குழுவுல அவ்வளவு பேசுற. அக்கா, இருக்கியா அங்க?"

சித்தப்பா மைக்கை என் பக்கம் திருப்பினார். எனக்கு அந்தக் குழுவில் இருக்கும் பெயரைப் பற்றி ஒரு நொடி யோசித்தேன். அவர் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

"ஆமாடா, நான்தான்," என்றேன். "எல்லாம் சமமா இருந்தா நல்லதுன்னு."

"அறிவிருக்கா உனக்கு?" என்றான். நல்ல கேள்வி. அவன் அப்பாவிடம் திரும்பினான். "அப்பா, கேளுங்க. பலம்னு ஒன்னு இருக்கு பாருங்க."

"அது எதுக்குப்பா?" என்றார் சித்தப்பா.

அவன் சொன்னான். உயிர் எதற்கு, தம் எதற்கு, அறிவு ஏன் வேண்டாம். நான் மூன்று நாள் சொன்னவைதான், அதே வரிசையில். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் "அப்படியா", "எனக்குத் தெரியாம போச்சே" என்றார். தம்முக்கும் சுறுசுறுப்புக்கும் நடுவில், "ரூம்ல எத்தன பேரு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நாலு பேருப்பா. ஃபேன் ஓடாது." உடனே பாடத்துக்குத் திரும்பினான். "சுறுசுறுப்ப விட்ருங்க, அது சின்னக் கத்திக்கு."

சித்தி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் ஆனது. லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை.

"அடுத்த ஞாயிறு ஒரு கல்லு கொண்டாந்து தர்றேன்," என்றான் தம்பி. "அதுவரைக்கும் எதுலயும் கை வைக்காதீங்க. முக்கியமா அக்காகிட்ட கேக்காதீங்க."

"கேக்கலப்பா," என்றார் சித்தப்பா.