சிலோனுக்குக் கொடுத்துவிட்ட பிரசவ மருந்து

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்றது ஆறு பேர், வளர்த்தது ஏழு பேர். ஏழாவது, என் மகள் வயிற்றுப் பேத்தி. யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் ஏழு பேரையும் ஆளாக்கினேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையே ஒரு நாள் என்னைத் தலைகுனிய வைத்தது. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், மெதுவாகத்தான் எழுத வரும். பொறுத்துப் படியுங்கள்.

1971, சித்திரை மாதம். கேரள மலையில் சூரியநெல்லிப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீட்டில், குடியிருந்தோம். என் மூத்த மகன் விமானப்படையில் ஹெலிகாப்டருக்கு எண்ணெய் போடுகிற, துடைக்கிற வேலையில் இருந்தான். லயத்தில் அந்த விவரமெல்லாம் யாருக்குத் தெரியும்? நானும் சொல்லவில்லை. பட்டாளத்துக்காரன் என்று சொன்னால் எல்லோரும் துப்பாக்கியை நினைத்துக்கொள்வார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நான் போனால், "ஏட்டி, வழி விடுங்க, பட்டாளத்துக்காரன் அம்மா வாரா!" என்பார்கள். கேலிதான். இருந்தாலும் எனக்கு இனிக்கும்.

அவன் லீவில் வந்திருந்தபோது, உடனே திரும்பி வா என்று தந்தி வந்தது. எங்கே போகிறோம் என்று அவன் வாய் திறக்கவில்லை. ஆனால் டீக்கடையில் பேப்பர் படித்துச் சொன்னார்கள். சிலோனில் அரசாங்கத்தை எதிர்த்துக் கலகமாம், அந்த நாடு உதவி கேட்டதாம், நம் நாடு ஹெலிகாப்டரும் ஆளும் அனுப்ப முடிவு செய்ததாம். கடைக்காரர் மலையாளி. "அது அவங்க வீட்டு வழக்கல்லே? நம்ம பிள்ளேங்க அங்க போயிட்டு எந்து செய்யானா?" என்றார்.

"போய் அடக்கி அமைதி பண்ணிட்டு வருவாக. எம்மகன்தான் போறான்" என்றேன். அவன் சொல்லாததை நானே ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் அடுத்த வீட்டுக்காரியை எல்லோரும் சிலோன்காரி என்பார்கள். அங்கே மலைத்தோட்டத்தில் பிறந்து அங்கேயே கொழுந்து எடுத்தவள். இரண்டு அரசாங்கமும் பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆளைப் பிரித்தபோது, அவளும் புருஷனும் இந்தியாப் பங்கில் வந்தார்கள். கப்பலேறி, சொந்தக்காரர் வழியாக எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே மகள். அவளைக் கட்டியவன் அந்த நாட்டுப் பங்கில் போனதால் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு மாதம் நெருங்கிய நேரம் பார்த்துக் கலகம் வந்து தபாலும் நின்றுபோனது. மகள் இருக்கிறாளா, இல்லையா என்றே தாய்க்குத் தெரியவில்லை.

லயத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். யாராவது மதுரைக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், மதுரையில் இருக்கிற சொந்தத்துக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவோம். அவர் அந்தத் தெருப் பக்கம் போவாரா என்று கேட்க மாட்டோம்.

அப்படித்தான் அவளும் வந்து நின்றாள். "மதினி, தம்பி அந்தப் பக்கம் போறாகளாமே. தோட்டத்து ஆளுக யாரயும் பாத்தா, எம்மக இருக்காளான்னு மட்டும் விசாரிக்கச் சொல்லுங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் அதோடு விட்டேனா? "விசாரிக்கிறதென்ன மதினி, கையோட கூட்டியாரச் சொல்லுதேன். பிள்ளை பெத்தவளுக்குத் தாய் வீட்டு மருந்து வேண்டாமா? கிண்டிக் குடு. அவன் கொண்டு சேப்பான்."

மகன் உள்ளேயிருந்து வெளியே வந்தான். "அம்மா, என்னைய எங்க நிறுத்துவாகன்னு எனக்கே தெரியாது. நீ பாட்டுக்கு வாக்குக் குடுக்காத."

"அம்புட்டுப் பெரிய சர்க்காரு உன்னைய நம்பி அனுப்புது. ஒரு டப்பா கொண்டு போகமாட்டியால?"

அன்று சாயங்காலம் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயில் வேகிற வாசம் லயம் முழுக்க அடித்தது. காலையில் அவன் அந்த டப்பாவைப் பைக்குள் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

அதற்குப் பிறகு சிலோன்காரி மகள் வரவுக்கு வீட்டை ஒழுங்கு பண்ண ஆரம்பித்தாள். கோழி அடைக்கிற மூலையைக் கழுவி மெழுகினாள். தொட்டிலுக்குப் பழஞ்சேலை எடுத்து வைத்தாள். ஆட்களை மேய்க்கிற கங்காணியிடம் மகளுக்கு ஒரு வேலை சொல்லி வைத்தாள். "எப்ப மதினி வருவாக?" என்று கேட்கும்போதெல்லாம், "பட்டாளத்து வேலை முடிய வேண்டாமா?" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் என் மூத்த மகள் பிரசவத்துக்கு வந்து, மழை பிடித்த சமயம் பெண்பிள்ளை பெற்றாள்.

குழந்தை பிறந்த மறுநாள் கொட்டுகிற மழையில் மகன் வந்து சேர்ந்தான். எனக்கு முன்னால் சிலோன்காரி ஓடினாள், கையில் ஒரு துண்டோடு. அவனுக்குத் தலை துவட்ட என்று நினைத்தேன். அவள் அவனைத் தாண்டி, அவன் வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இன்னொருத்தி நனைந்து வருவாள் என்று.

அவன் பையைத் திறந்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தான். கட்டின துணி கட்டினபடியே இருந்தது.

"அத்தை, மன்னிச்சிருங்க. விமான நிலையத்துக்குள்ளயேதான் இருந்தோம். வேலிக்கு வெளிய கால் வைக்கப்படாதுன்னு உத்தரவு. உங்க தோட்டமெல்லாம் எங்கயோ மலைமேல. நான் இருந்த எடத்துலருந்து மலைகூடத் தெரியல."

நான் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் பட்ட அவமானம் அவன் செய்த தப்பால் வந்ததில்லை. நான் கொடுத்த வாக்குக்கு அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

அவள் துண்டை அவன் தலையில் போட்டாள். "நீங்க என்ன செய்வீக தம்பி. எங்களக் கப்பல் ஏத்தும்போதும் மேல இருக்கவுகதான் பேசி முடிவு பண்ணாக. இப்ப உங்களயும் அப்படித்தான் அனுப்பியிருக்காக. நம்மள யாரு கேட்டா?" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். மறுநாள் காலையில் அவள் அதே டப்பாவோடு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்தை நெல்லிக்காய் அளவு உருட்டி, தன் கையாலேயே அவள் வாயில் வைத்தாள்.

"வேண்டாம் மதினி, அது உன் மகளுக்கு வச்சது" என்றேன்.

"பச்சை உடம்புக்காரி இங்க ஒருத்தி இருக்கயில வீணாப் போகலாமா? முழுங்கு தாயி, பால் ஊறும்" என்றாள்.

டப்பா தீர்கிற வரை தினமும் வந்தாள். அத்தனை நாளும் அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்து இருவரும் சுகம் என்று, அடுத்த வருஷம் அங்கிருந்து வந்த வேறு குடும்பம் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மகள் வரவில்லை. மெழுகிய மூலையில் அவள் பிறகு கோழி அடைக்கவே இல்லை.

இப்போதும் நம் படை வேறு நாட்டுக்கு அமைதி காக்கப் போகிறது என்று டிவியில் சொன்னால், போகிற பையன் கையில் யார் என்ன கொடுத்துவிட்டிருப்பார்கள், அவன் அம்மா யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருப்பாள் என்றுதான் எனக்கு ஓடும். தலை தானாகக் குனிந்துவிடும்.

என் ஏழாவது பிள்ளை இதோ பக்கத்தில்தான் இருக்கிறாள். அன்றைக்குப் பிறந்த குழந்தை இவள்தான். தான் குடித்த பால் யார் மருந்தில் ஊறியது என்று இவளுக்கு நான் இதுவரை சொன்னதில்லை. இந்தா கண்ணு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசி. நான் கேட்கிறேன்.