மூன்றேகால் லட்சத்துச் சுவர்

பூக்காரி முழம் போடக் கையை நீட்டினால், வேலுத்தாய் அந்தக் கையை ஒதுக்கிவிட்டுத் தன் கையை நீட்டுவாள். "ஒங்கை கட்டக்கையி. எங்கைல அள." சிவகாசி பஸ் ஸ்டாண்டு வாசலில் மல்லிகை விற்கும் அந்தப் பெண் வாரம் தவறாமல் இந்த அவமானத்தைப் பொறுத்துக்கொள்கிறாள். அளந்து முடித்தபின் மேலே நாலு கண்ணி கேட்பாள் வேலுத்தாய். கொடுக்காவிட்டால் அப்படியே நிற்பாள். பின்னால் நிற்கிறவர்கள் பொறுமை இழந்து பூக்காரியைத்தான் திட்டுவார்கள்.

வயது நாற்பத்தாறு. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறாள். விரல் பின்னிக்கொண்டே இருக்கும், வாய் யாரிடமாவது விலை கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுடைய பேரத்துக்கு ஒரு முறை உண்டு. "எம்புட்டு?" என்பாள். விலையைக் கேட்டதும் பதில் பேசாமல் கிளம்பிவிடுவாள். நாலாவது எட்டில், செருப்பு வார் இற்றுப்போனது மாதிரிக் குனிவாள். கடைக்காரர் கூப்பிடும்வரை வார் சரியாகாது. பாத்திரக்கடை, சேலைக்கடை, மகளைக் கட்டிக்கொண்டுபோன சம்பந்தி வீடு எல்லாமே அந்தச் செருப்பு வாருக்கு விழுந்தவைதான்.

அப்பேர்ப்பட்டவள் 2006 மாசியில் வசமாக ஏமாந்தாள். வீடு வாங்கப் போன இடத்தில்.

வீடு கண்ணுச்சாமியுடையது. ஆலைக்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டோரம், இரண்டு அறை, முன்னால் கூடமாக ஒரு பட்டாசல், பின்னால் அடிபம்பு. கண்ணுச்சாமி, சொந்தக் காட்டில் மிளகாய் விளைத்து விருதுநகர் மண்டிகளுக்கு வற்றல் போடுகிற சம்சாரி. மகனோடு விருதுநகரிலேயே இருந்துகொள்ளலாம் என்று வீட்டை விலை பேசினார். தை பிறந்தால் மண்டிக்கு ஒரு காலண்டர் என்று அவருக்கு வந்து சேரும். வருடம் முடிந்தால் தேதித்தாள் தீரும், சாமி தீராது. சாமி படத்தை எவன் குப்பையில் போடுவான்? அதனால் பட்டாசலின் வடக்குச் சுவர் முழுக்க இருபது வருடத்துச் சாமிகள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

சுவரைப் பார்த்துச் சொல்லத்தான் புருஷன் ஊர்க்காவலனைக் கூட்டிப்போனாள். அவன் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சாபீசில் மிஷின்மேன். நேரே போய் முருகன் படத்தில் மூக்கை வைத்தான். "ஏ புள்ள, இது நம்ம மிஷின்ல ஓடுனது. மயிலு களுத்தப் பாரு, கலரு ஒரு நூலு நகரல" என்றான். ஒவ்வொரு படமாகத் தடவிப் பார்த்து, வீடு நல்ல வீடு என்று தீர்ப்புச் சொன்னான். வேலுத்தாயும் சும்மா இல்லை. ஒவ்வொரு சாமியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வந்தாள்.

பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமை பேசினாள். நாலு லட்சம் மூன்றேகாலுக்கு இறங்கியது. பன்னிரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்த நாற்பதாயிரத்தை அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டாள். மூன்று மாதத்துக்குள் பத்திரம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் கண்ணுச்சாமிக்கு. ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் முழுக்க அவள் வீட்டுப் பேச்சுதான். இருபத்து மூன்று வருடமாக வாடகை வீடு. இப்போது இருக்கிற வீட்டுக்காரி, ஆள் எத்தனை குடம் தண்ணீர் எடுக்கிறாள் என்று எண்ணுகிறவள்.

மீதிப் பணத்துக்கு ஊர்க்காவலன் பேரில் பேங்கில் லோன் எழுதிப் போட்டிருந்தார்கள். வீட்டை மதிப்புப் போட பேங்கிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். அவருக்குச் சாமி பயம் கிடையாது, மேனேஜர் பயம் மட்டும்தான். முருகனைத் தூக்கினார். உத்தரத்திலிருந்து ஒரு விரிசல் இறங்கி வந்தது. மீனாட்சியைத் தூக்கினார், அது அகலமானது. பெருமாளைத் தூக்கிவிட்டுத் தன் பேனாவை உள்ளே விட்டார். மூடிவரைக்கும் போயிற்று. அத்தனை பேரில் பிள்ளையார் ஒருவர்தான் யோக்கியமாக நல்ல சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"மூணேகாலுக்கு எழுத முடியாதும்மா. ரெண்டே முக்கால் எழுதறேன். இந்தச் சுவத்தை இடிச்சுத்தான் கட்டணும்" என்றார் இன்ஜினீயர்.

எழுதின மதிப்பில் அட்வான்ஸைக் கழித்து மீதிக்குத்தான் பேங்க் லோன் தரும். துண்டு விழுந்தது ஐம்பதாயிரம். அதைப் புரட்ட வழியில்லை. புரட்டாவிட்டால் வீடும் போச்சு, நாற்பதாயிரமும் போச்சு.

வழியெல்லாம் ஊர்க்காவலனைப் பிடித்து உலுக்கினாள். "மயிலு களுத்தப் பாத்தீகளே, அதுக்குப் பின்னால இருக்க சுவத்தப் பாத்தீகளா?"

"நீயுந்தான் கண்ணுல ஒத்திக்கிட்டு நின்ன" என்றான் அவன். பணம் போகிற பயத்தைவிட வெட்கம்தான் அவளை அரித்தது. ஊரையே பேரத்தில் மடக்கியவளை நாலு காலண்டர் மடக்கிவிட்டது. மறுநாள் அவள் பின்னிய சரம் தளர்ந்திருக்கிறது என்று போர்மேன் திருப்பிக் கொடுத்தார்.

ஏன் இப்படி இருக்கிறாய் என்று கம்பெனிக் கணக்கப்பிள்ளை லட்சுமிகாந்தம் கேட்டார். சொன்னாள். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "அந்த வீடா? ரெண்டு வருசம் முன்ன ஒரு ஞாயித்துக்கெளம நம்ம வெடிமருந்து ரூம் வெடிச்சுச்சுல்ல, ஆளில்லாதப்ப? அன்னைக்கு விட்ட விரிசல். சுவத்தச் சரிபண்ணன்னு மொதலாளிகிட்டச் சண்ட போட்டு பதினெட்டாயிரம் வாங்கிட்டுப் போனாரு கண்ணுச்சாமி. நாந்தேன் எண்ணிக் குடுத்தேன்."

அன்று வேலுத்தாய் சோற்றுச் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

அக்ரிமெண்ட் முடிய நாலு நாள் இருக்கும்போது, வைகாசி வெயிலில், புருஷனோடு போனாள். கண்ணுச்சாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி பாண்டிலட்சுமி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வேலுத்தாய் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய ஆத்தா இந்தக் குடும்பத்துக் காட்டில் மிளகாய்ப் பழம் எடுத்தவள். அந்தப் பழக்கம் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மொதலாளி, சுவரு போச்சுன்னு பேங்குல எழுதிட்டாக. ரெண்டே முக்காலுக்கு முடிச்சுக் குடுங்க."

"ஏத்தா, வீடுன்னா கோடு விழத்தான் செய்யும். வேணும்னா அஞ்சாயிரம் கொறச்சுக்கோ. இல்லையா, விட்டுரு. அட்வான்ச மட்டும் கேக்காத."

அவள் பேசாமல் எழுந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு. குனிந்தாள். வெறுங்கால். செருப்பு வெளியே கிடந்தது. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஊர்க்காவலன் மட்டும் இருமினான். நிலைப்படியில் நின்றாள். கிடைக்கும் கிடைக்கும் என்று வேன் முழுக்கச் சொல்லி வைத்தவள் இனி எந்த முகத்தோடு ஏறுவாள்?

திரும்பி வந்தாள். சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துக் கண்ணுச்சாமிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "அண்ணாச்சி" என்றாள். மொதலாளி என்றே முப்பது வருடம் சொன்ன வாய். "பதினெட்டாயிரத்துக்கு எத்தன காலண்டரு வாங்குனீக?"

கண்ணுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பதினெட்டாயிரம்?"

"சுவத்தப் பூசன்னு எங்க கம்பெனில வாங்குனது. எண்ணிக் குடுத்தவரு இன்னும் கணக்குத்தேன் எளுதுதாரு, கூட்டியாரவா? நாளைக்கு வேற ஆளு வெலைக்கு வந்தாலும் பேங்குக்காரரு அந்தப் பேனாவத்தான் உள்ள விடுவாரு. அவுகளுக்கும் நாஞ் சொல்லத்தான் செய்வேன்."

கண்ணுச்சாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சொம்பைத் திரும்ப வாங்க வந்த பாண்டிலட்சுமி குறுக்கே வந்து நின்றாள்.

"எந்தப் பதினெட்டாயிரம்? கம்பெனிக்காரன் அஞ்சு காசு தரலன்னுல்ல சொன்னீக எங்கிட்ட?"

பாண்டிலட்சுமியின் கண் புருஷனை விட்டு அகலவில்லை. அவர் வேலுத்தாயைப் பார்த்தார், ஊர்க்காவலனைப் பார்த்தார், எங்கேயும் ஒதுங்க இடமில்லை.

"சரி. ரெண்டே முக்கால்" என்றார், தொண்டைக்குள்ளேயே.

"அந்தப் பேப்பர்லயே எளுதிக் கையெளுத்துப் போடுங்க" என்றாள் வேலுத்தாய்.

"போடுங்க" என்றாள் பாண்டிலட்சுமியும். "அத மொதல்ல முடிங்க. பெறகு நாம பேசிக்கிடுவோம்."

அக்ரிமெண்டில் பழைய தொகையை அடித்துப் புதுத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார் கண்ணுச்சாமி. ஊர்க்காவலன் அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தான். வேலுத்தாய் மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டாள். "இன்னும் பத்திரம் பதியல புள்ள, வியாளக்கெளமதான்" என்று அவள் காதோரம் சொன்னான் அவன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்ணுச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, பெண்டாட்டிக்குச் சொல்ல ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

வேலுத்தாய் எழுந்து சுவிட்சுப் பெட்டிக்குப் போய், அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தாள்.